கோடை விடுமுறைக்கு வந்த பிராணிகள்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. என் கணவர் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் கூடத்தில் வேலை பார்த்தார். கோடை விடுமுறைக்குக் கூடத்தைப் பூட்டியபோது அங்கிருந்த பிராணிகளைக் கவனிக்க ஆள் கிடைக்கவில்லை. ஒரு கூண்டு நிறையக் கினிப்பன்றிகள், ஒரு நட்சத்திர ஆமை, மணல் நிரப்பிய தொட்டியில் ஒரு மண்ணுள்ளிப் பாம்பு எல்லாவற்றையும் மாட்டுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அடுத்த வாரம் அவர் ஒரு பரீட்சைக்காகப் பட்டணம் போக வேண்டியிருந்தது.

"உன்னால முடியுமா?" என்று கேட்டார்.

முடியும் என்றேன். கடலூரில் என் பிறந்த வீட்டில் ஆடு, கோழி, முயல் எல்லாம் என் கையால் வளர்ந்தவை. ஒரு பிராணியைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தால் தனக்கு வேண்டியதை அதுவே காட்டிவிடும் என்பது என் அனுபவம்.

மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். வீட்டின் முன்கட்டில் வீட்டுக்கார அம்மாள் தனியாக இருந்தார். நாற்பது வயதிருக்கும். கண்டிப்பானவர். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தவர் அப்படியே பின்வாங்கினார்.

"ஏம்மா, இது நக்குனா குஷ்டம் வரும்னு தெரியாதா? இத வெளிய விட்டுட்டு வா."

நான் பாம்பை எடுத்து என் மணிக்கட்டில் விட்டேன். அதன் நாக்கு தோலில் பட்டும் படாமலும் போய்வந்தது.

"நக்கிடுச்சிக்கா. எனக்கு ஒண்ணு வந்துச்சின்னா நானே இத வயல்ல கொண்டுபோயி விட்டுடறேன்."

அதன் பிறகு காலையில் தண்ணீர் இறைக்க வரும்போதெல்லாம் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

ஆமையால் தொல்லையே இல்லை. கத்திரிக்காய்த் துண்டுகளைத் தின்றுவிட்டு நிழலில் கிடக்கும். கினிப்பன்றிகள்தான் என்னைச் சோதித்தன. வெயில் ஏறிய பிறகு அவை சுருண்டு படுத்தன. பின்னங்கால்களை இழுத்து இழுத்து நடந்தன. தொட்டால் கீச்சென்று கத்தின. ஊறவைத்த கொள்ளும் காய்ந்த புல்லும் போதும், பச்சைத்தீனி போட்டால் வயிறு கெட்டுவிடும் என்று என் கணவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நானும் அப்படியே செய்துவந்தேன். ஒன்று செத்துப்போனது.

அன்றைக்கே முடிவு செய்தேன். கடலூரில் கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த என் அண்ணனிடம் ஒன்றையாவது கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பாம்புக்கு அப்போது கண் வெளுத்திருந்தது. தோல் உரிக்கப் போகிறது என்று அர்த்தம். சட்டை கிழியாமல் கழல ஈரம் வேண்டும் என்று தொட்டியில் ஒரு நனைத்த சாக்கைப் போட்டிருந்தேன்.

"அக்கா, மத்ததுக்கெல்லாம் தீனி, தண்ணி வச்சிட்டேன். அந்தச் சாக்கு மட்டும் காயாம பாத்துக்குங்க. ரெண்டு நாள்ல வந்துடறேன்."

"நான் அந்தப் பக்கமே போவ மாட்டேன்" என்றார் அவர்.

இருப்பதிலேயே நலிந்த ஒன்றைக் கூடையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். அண்ணன் அதன் வாயைத் திறந்து பார்த்தார். ஈறெல்லாம் ரத்தம்.

"மாடு, குதிரைன்னா சொல்லுவேன். இந்த ஜாதிய நான் பாத்ததே இல்ல தங்கச்சி" என்று ஒளிக்காமல் சொன்னார்.

பேசிக்கொண்டே அதைக் கீழே விட்டிருந்தேன். முற்றத்தில் வைத்தியத்துக்கு வந்த ஜட்கா குதிரைக்காகக் குதிரைமசால் கட்டு ஒன்று கிடந்தது. நடக்கவே முடியாத அந்தப் பிராணி வயிற்றால் இழுத்துக்கொண்டு போய் அந்தப் பச்சைத்தழையில் வாயை வைத்தது.

"வயித்தால போவும், எடுத்துடு" என்றார் அண்ணன்.

"கொள்ளு தின்னே சாவுதுண்ணே. இதையாவது தின்னட்டும்."

மறுநாள் அதற்கு வயிறு கெடவில்லை. கண்ணில் தெளிவு வந்திருந்தது. ஒரு பெரிய குதிரைமசால் கட்டோடு சிதம்பரம் திரும்பினேன்.

வீட்டுக்குள் நுழைந்தால் வீட்டுக்கார அம்மாள் தொட்டிக்கு அருகில் உட்கார்ந்து சாக்கில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு முறத்தில் பாம்புச்சட்டை, எங்கும் கிழியாமல் முழுசாக இருந்தது.

"பாவம், கல்லுல ஒரசிக்கினே கெடந்துச்சி. மனசு கேக்கல. கொஞ்சம் ஜாஸ்தியாவே தண்ணி ஊத்திட்டேன், பரவால்லியா?"

அதன் பிறகு தீனி வேலையை இருவருமாகச் செய்தோம். கட்டு தீர்ந்ததும் அவர் கொல்லையில் கிடைத்த கீரையையும் அறுகம்புல்லையும் தினமும் போட்டோம். ஒவ்வொன்றாக எழுந்து நடந்தன. இன்னும் ஒன்றே ஒன்று செத்தது. அது ரொம்ப முற்றிப்போயிருந்தது. மற்றவை பிழைத்தன. அவற்றில் ஒன்று குட்டிகள் போட்டது. உடம்பு நிறைய ரோமத்தோடு, திறந்த கண்களோடு பிறந்து அன்றைக்கே ஓடின.

பட்டணத்திலிருந்து திரும்பிய என் கணவர் கூண்டைப் பார்த்துவிட்டு, "என்ன தீனி போட்ட?" என்றார்.

"நீங்க போடாதன்னு சொன்னது" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

கல்லூரி திறந்ததும் வண்டி வந்தது. வீட்டுக்கார அம்மாள் வாசலில் நின்று, குலுக்காமல் ஓட்டும்படி வண்டிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார்.

"அடுத்த லீவுக்கும் இங்கயே கொண்டாந்துடுங்க. வேற எங்கயும் குடுக்காதீங்க."

நாங்கள் அந்த ஊரில் இருந்தவரை வேறு எங்கும் கொடுக்கவில்லை.