தாவுமுன் ஒரு சொல்

பேருந்துக்குள் ஏறியதும் அசேரி முதலில் கழுத்தை மடக்குகிறார். பிறகு முதுகை. ஆறடி எட்டங்குல உடம்பை ஐந்தடிக்குக் குறுக்கிக்கொண்டு, "துலோ... துலோ..." என்று முனகியபடி கடைசி இருக்கை வரைக்கும் போகிறார். பிறர் தலைக்கு மேலாகக் கை போனாலும், உட்கார்ந்திருப்பவர்களைக் கடந்து நடந்தாலும் ஃபிஜியில் எல்லோரும் சொல்லும் சொல்தான் அது. பாதி மன்னிப்பு, பாதி அனுமதி. மற்றவர்களுக்கு நாளைக்கு நாலைந்து தடவை தேவைப்படும். அசேரியின் உயரத்துக்கு ஊரே உட்கார்ந்திருக்கிற மாதிரிதான்.

"கோழியைத் தாண்டுறப்பவும் சொல்றாரு. கோழி என்னமோ ஒதுங்குறதில்ல," என்கிறார் மனைவி லிதியா.

தொழில், ரக்பி. சிங்கடோக்கா மணல்மேட்டில் ஏறி ஓடி வளர்ந்த கால்கள். காவல்துறை அணியில் நான்கு வருடம், பிரான்சில் இரண்டு வருடம், இப்போது ஐந்து வருடமாக உள்ளூர்த் தொழில்முறை அணி. காதுகள் இரண்டும் அவித்த மரவள்ளிக்கிழங்கு போலப் புடைத்துக் கிடக்கின்றன. யாராவது உற்றுப் பார்த்தால் அவரே அறிமுகம் செய்துவைப்பார்: "இடது காது பிரான்ஸுல செஞ்சது. வலது நம்மூரு." வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு தொடைகளையும் மழமழவென்று மழித்துக்கொள்கிறார். ஆட்டத்தில் அவரை மேலே தூக்கிவிடுகிறவர்களின் பிடி வழுக்காமலிருக்கத் தொடையில் சுற்றும் பட்டையை, ஆட்டம் முடிந்து உரிக்கும்போது முடியோடு வந்தால் கண்ணில் நீர் வந்துவிடுமாம். விலா எலும்பு இரண்டு முறிந்தபோது வராத நீர்.

பந்து பக்கக்கோட்டைத் தாண்டிவிட்டால் இரு அணியாரும் அடுத்தடுத்து இரண்டு வரிசையாக நிற்பார்கள். நடுவே பந்து எறியப்படும். அதைப் பிடிக்கத் தாவுகிறவரின் தொடையை இரண்டு பேர் பற்றி மேலே ஏற்றுவார்கள். அசேரியின் சோறு அங்கேதான் இருக்கிறது. யார் தாவப்போகிறார் என்பது அணிக்குள் ரகசியம். பந்தை எறியும் சவேனதா மீன்களின் பெயரைக் கூவி அதைச் சொல்வார்.

சென்ற மாதம் ஆஸ்திரேலியாவில் அந்த ரகசியம் ஆறு தடவை வெளிப்பட்டு, ஆறு பந்தும் பறிபோனது. திரும்பி வந்ததும் பயிற்சியாளர் டங்கன் அந்த ஆட்டத்தின் படத்தை ஓடவிட்டு, அசேரியின் முகத்தில் நிறுத்தினார்.

"தாவுறதுக்கு முன்னாடி வாய் அசையுதே. என்ன பேசுற?"

அசேரிக்கே அப்போதுதான் தெரிந்தது. "துலோ சொல்றேன் போல, கோச்."

"யாருகிட்ட?"

"கீழ நிக்கிற தலைங்ககிட்ட."

சவேனதா சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. டங்கன் சிரிக்கவில்லை.

வாயசைவைக் கண்டுபிடித்தவன் அந்த ஆஸ்திரேலிய அணியில் ஆடும் விலிசோனி. அசேரியின் அத்தை மகன். ஃபிஜியில் மச்சான்கள் ஒருவரையொருவர் என்ன கேலியும் செய்யலாம், கோபப்படத்தான் கூடாது. தொலைபேசியில் கூப்பிட்டே சொன்னான்: "மச்சான், ஆறு பந்துக்கும் நன்றி. அடுத்த தடவை கொஞ்சம் சத்தமா சொல்லு. எங்க ஆளுங்களுக்குக் காது மந்தம்."

"அடுத்த ஆட்டம் எங்க லௌடோகாவுலதான், வாடா. உன் காதையும் என் காது மாதிரி பிசைஞ்சு அனுப்புறேன்."

பேச்சில்தான் வீரம். ஒப்பந்தம் இந்தப் பருவத்தோடு முடிகிறது. வயது முப்பத்து மூன்று. "லௌடோகாவுலயும் இப்படிப் பந்து போச்சுன்னா, அடுத்த வருஷப் பட்டியல்ல உன் பேரை எழுத எனக்குக் கை வராது," என்று டங்கன் சொல்லிவிட்டார். இங்கே இல்லையென்றால் மறுபடி பிரான்ஸ்தான். நாலாவது மாடி, பனி, பேச ஆளில்லாத மாலைகள், கைபேசித் திரைக்குள்ளிருந்து கையாட்டும் இரண்டு மகள்கள்.

வாயை மூடிக்கொண்டு தாவிப் பார்த்தார். பல்காப்பைக் கடித்தபடி தாவிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அரைக் கை உயரம் குறைந்தது. யாரோ சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்ததாம்.

டங்கன் வேறு வழி சொன்னார். "அப்போ சொல்லு. ஆனா தாவாதே. அவங்க உன்னைப் பாக்கட்டும், பந்து வேற ஆளுக்குப் போகட்டும்."

அசேரி தலையை ஆட்டி மறுத்தார். "ஏமாத்துறதுக்கு வேற வார்த்தை குடுங்க, கோச். எது வேணும்னாலும் கத்துறேன். இதுல மட்டும் பொய் சொல்ல வராது."

அன்று மாலை அணியினர் பாயில் வட்டமாக உட்கார்ந்து, யங்கோனா வேரைக் கரைத்த பானத்தைச் சிரட்டையில் குடித்தார்கள். மூன்றாவது சிரட்டையை வைத்துவிட்டு சவேனதா கேட்டார்: "ஏன்டா, இவனைத் தூக்குறப்போ உங்க கை எங்க போகுது?"

"மேல," என்றார்கள் தூக்குகிறவர்கள்.

"அடுத்தவன் தலைக்கு மேலதானே? நீங்க என்னைக்காவது துலோ சொல்லியிருக்கீங்களா? வளர்த்தவங்க சொல்லிக்குடுக்கலையா? ஒருத்தன் மரியாதையா இருக்கான், அவனைப் போய்க் குத்தம் சொல்றோம்!"

பாயைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. ஆனால் கணக்கு சரியாகத்தான் இருந்தது. வரிசையில் நிற்கிற ஏழு பேரின் கையும் ஏதாவதொரு தலைக்கு மேல் போகத்தான் செய்கிறது.

சனிக்கிழமை லௌடோகாவில் முதல் பந்து வெளியே போனது. சவேனதா ஒரு மீன் பெயரைக் கூவினார். ஏழு தொண்டைகள் ஒன்றாக, தேவாலயத்தில் பாடுவதைப் போல அடித்தொண்டையில், "துலோ" என்றன. எதிர் வரிசை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பியது. அசேரி அதற்குள் மேலே இருந்தார், பந்தோடு.

"மச்சான், இது அநியாயம்! இதுல யாருடா தாவுறது?" என்று கத்தினான் விலிசோனி.

"எல்லாரும் மரியாதைக்காரங்கடா!" என்றார் அசேரி.

இரண்டாம் பாதியில் இன்னும் மோசம். ஏழு பேர் சொல்லிக் கேட்டதில், கையை உயர்த்தப்போன விலிசோனியின் வாயிலிருந்தும் தன்னையறியாமல் "துலோ" வந்துவிட்டது. வளர்ந்த மண் அப்படி. அவனுடைய ஆட்கள் அசேரியின் துலோவைக் கண்டதும் அவனைத் தூக்கிப் பழகியவர்கள். பந்து வருவதற்கு முன்பே அவனை மேலேற்றிவிட்டார்கள். அவன் காலியான வானத்தில் கைவீசி இறங்குகையில், பந்து அசேரியின் நெஞ்சில் இருந்தது. அரங்கத்தில் பாட்டிலும் தட்டுமாகத் தட்டி அமர்க்களம்.

ஆட்டத்தில் இரண்டு புள்ளியில் தோற்றுப்போனார்கள். வரிசைப் பந்து பதினொன்றில் பதினொன்றும் கையில்.

திங்கட்கிழமை காலை டங்கன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு தாள், ஒரு பேனா. எதிரே ஒரு நாற்காலி.

"ரெண்டு வருஷம் போட்டிருக்கேன். படிச்சுப் பாத்துட்டு, ஏதாவது சொல்லணும்னா சொல்லு."

அசேரி படிக்கவில்லை. நாற்காலியை மெல்ல ஒதுக்கிவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பிறகு பெரிய உள்ளங்கைகள் இரண்டையும் கிண்ணம் போலக் குவித்து, ஊர்த்தலைவர் கொடுத்ததை ஏற்றுக்கொள்கிறவரைப் போல, நிதானமாக மூன்று முறை தட்டினார்.