விடு என்றால் எதை?

இன்று காலை முயல்தீவுப் பக்கம் வேக்போர்டு பழகினேன். கால் இரண்டையும் பலகையில் மாட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தால், படகு இழுத்துப் போகும். படகை ஓட்டியது பெரியப்பா மகன், என் அண்ணன்.

அவசரப்பட்டு எழுந்தேன். பலகையின் முனை தண்ணீருக்குள் குத்த, குப்புற விழுந்தேன்.

"விடு ஏளா, விடு!" என்று தங்கை என்னைப் பார்த்து அண்ணன் கத்தினான்.

விழுந்ததற்கு ஆறுதல் சொல்கிறான் என்று நினைத்து, மனம் தளராமல் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். பாதிக் கடலைக் குடித்த பிறகுதான் படகு நின்றது.

"கயித்த விடச் சொன்னா, ஏம்ளா தொங்கிட்டு வார?"

அடுத்த முறை முழங்காலை மடக்கியே இருந்தேன். படகே தூக்கி நிறுத்தியது. கொஞ்ச தூரம் போய் விழுந்ததும் கயிற்றை உடனே விட்டேன்.

அண்ணன் படகைத் திருப்பிக்கொண்டு வந்து, "விடு ஏளா" என்றான்.

கையில் கயிறே இல்லை. இனி எதை விடுவது, சொல்லுங்கள் மக்களே?