ரோசாப்பூ நின்ற இடம்

ஒனிஹங்காவில் முடி வெட்டுகிற ஹிஷாம் மாமா கத்தரிக்கோலை எடுத்தால் மனுக்காவ் துறைமுகத்து அலை நின்று வேடிக்கை பார்க்கும். அவர் கை பட்ட தலைக்குள் இரண்டு மாதத்துக்குக் கெட்ட எண்ணம் நுழையாது. என் தலையை அவர் தொட்டதில்லை. அதனால்தான் பள்ளிக்கூடம் என்னைப் பாதியில் கைவிட்டது.

மாமா எகிப்துக்காரர், அலெக்சாந்திரியா. பாண் சுடுகிற தொழிற்சாலையில் யாழ்ப்பாண ஆட்களோடு பதினொரு வருடம் நின்றதில் எங்கள் தமிழ் அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டது. அவர் கடைக்குப் பக்கத்தில்தான் எங்கள் டெயரி, பாலும் பாணும் விற்கிற மூலைக்கடை.

2011 தொடக்கத்தில் எகிப்தில் ஆட்சியைக் கவிழ்த்த கூட்டத்தில் அவர் தங்கை மனால் முன்வரிசையில் நின்றாள். தொண்டை கிழியக் கத்துகிற அவள் முகத்தைத் தொலைக்காட்சியில் கண்டதும், பாதி வெட்டிய தலையை விட்டுவிட்டு மாமா எங்கள் கடைக்கு ஓடி வந்து, எங்கள் தொலைக்காட்சியில் அவளைக் காட்டினார்.

நவம்பரில் தேர்தல். மனால் சலஃபிக் கட்சிப் பட்டியலில் நின்றாள். மார்க்கத்தின் முதல் தலைமுறை வாழ்ந்தபடியே நாடும் நடக்கவேண்டும் என்பவர்கள் அவர்கள். பட்டியலில் ஒரு பெண்ணாவது இருக்கவேண்டும் என்பது சட்டம். சுவரொட்டியில் ஆண்களுக்குத் தாடியும் முகமும் இருந்தன. மனால் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ரோசாப்பூ.

அவள் தொலைபேசியில் வாக்குக் கேட்டாள். முகம் எங்கே என்றதற்கு, வாக்கு கட்சிக்குத்தான், முகத்துக்கு இல்லை, பூவைப் போட நானே சம்மதித்தேன் என்றாளாம். மாமாவும் ஐந்து வேளை தொழுகிறவர்தான். வாக்குப் போட்டால் அந்தப் பூவுக்குத் தலையாட்டியதாகும். போடாவிட்டால் கூடப் பிறந்தவளைக் கைவிட்டதாகும். மூன்று நாள் அவர் கடையில் வானொலி பாடவில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்கள் வாக்குச்சீட்டை இணையத்தில் எடுத்து அச்சடித்து, எங்கள் தலைநகர் வெலிங்டனில் உள்ள எகிப்துத் தூதரகத்துக்குத் தபாலில் அனுப்பவேண்டும். அச்சுப்பொறி எங்களிடம்தான் இருந்தது.

"ஒரு கீறல் விழுந்தாலும் செல்லாது. கவனம், பிள்ளை," என்று சொல்லிவிட்டு மாமா தொழப் போனார்.

அச்சடித்தேன். பிறகு நீலப் பேனையால், அந்தக் கட்சிக்கான கட்டத்தின் அருகே, பெருவிரல் நக அளவில் ஒரு பெண் முகம் வரைந்தேன். வாய் திறந்து கத்துகிற முகம். பகிடிக்குத்தான். மடித்துக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன். அவர் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் உள்ளே இருந்தார். பிறகு உறையை ஒட்டிக்கொண்டு போய்த் தபாலில் போட்டார். வழியில் மறித்துச் சொல்லியிருக்கலாம். நான் கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஜனவரியில் முடிவுகள் முழுதாக வந்தன. நாடாளுமன்றத்தில் நாலில் ஒரு பங்கு அந்தக் கட்சிக்கு. பட்டியலின் அடியில் இருந்த மனாலுக்கு இடம் கிடைக்கவில்லை. அன்று அவள் அழைத்தபோது நான் மாமாவின் கடை வாசலில் நின்றேன். அரபியில் மெதுவாக ஏதோ சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.

"வாக்குப் போட்டனீயோ எண்டு கேக்கிறாள். ஓம் எண்டனான்."

தரையில் கிடந்த முடியைக் கூட்டத் தொடங்கினார். நான் நழுவப் பார்த்தேன்.

"நான் ஒரு கட்டத்திலயும் புள்ளடி போடேல்லை. நீ கீறின முகத்தை அப்பிடியே அனுப்பினனான்," என்றார், நிமிராமல். "ஆனா மூக்குப் பிழை, பிள்ளை. மனாலுக்கு எங்கட அம்மாவின்ர மூக்கு."