ஒரே தப்பு, இரண்டு பேர்

பஸ் டிப்போவில் அவளைக் கட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நூற்றுப் பன்னிரண்டு டிரைவர்களும் கண்டக்டர்களும் எந்த வண்டியில், எந்த நேரத்தில் ஏற வேண்டும் என்று வாரா வாரம் பெரிய தாளில் கட்டம் போட்டு எழுதுவது அவள் வேலை. கடைசி வண்டி ஓட்டினவருக்கு மறுநாள் முதல் வண்டி போடக் கூடாது. இன்ன இரண்டு பேரை ஒரே வண்டியில் ஏற்றினால் மூன்றாவது ஸ்டாப்புக்குள் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருவருக்கு வியாழக்கிழமை தவறாமல் மாமனார் சாகக் கிடப்பார். இத்தனையையும் மனதில் வைத்துக்கொண்டு, பென்சிலும் ரப்பருமாக உட்கார்ந்தாள் என்றால் மதியத்துக்குள் முடித்துவிடுவாள். அவள் லீவு போட்ட வாரம் மேனேஜர் தானே போட்டுப் பார்த்தார். ஒரே டிரைவரை ஒரே நேரத்தில் இரண்டு ஊருக்கு அனுப்பினார்.

அப்படிப்பட்டவளுக்கு இணையத்தில் நடக்கும் புதிர்ப் போட்டி பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. கட்டங்களில் எண்களை நிரப்ப வேண்டும், கறுப்புக் கட்டங்களைக் கண்டுபிடிக்க வேண்டும், ஒரே கோட்டில் எல்லாப் புள்ளிகளையும் சுற்றி வர வேண்டும். இருபது புதிர், இரண்டு மணி நேரம். கடிகாரம் ஓட ஆரம்பித்தால் நிற்காது. புதிர்த்தாள்களை அச்சடித்துக் கையால் போட்டு, அம்புக்குறி காட்டும் வரிசையில் உள்ள எண்களை மட்டும் தளத்தில் விடையாகத் தட்ட வேண்டும். வருடத்துக்கு நான்கு சுற்று. நான்கும் முடிந்ததும் முதல் ஆறு பேர் நாட்டின் அணியில் சேர்ந்து உலகப் போட்டிக்குப் போவார்கள். மூன்று சுற்று முடிந்தபோது அவள் ஏழாவது. நாற்பத்தொரு வயதில் முதல் தடவையாகத் தனக்கென்று ஒன்றை ஆசைப்பட்டாள். அந்த ஆறாவது இடம்.

வீட்டில் மூளைக்காரர் என்ற பட்டம் அவளுக்கு இல்லை. அது அண்ணனுடையது. கீழ்வீட்டு முன்னறையில் டியூஷன் நடத்துகிற கணக்கு மாஸ்டர். நாற்பது பிள்ளைகள் வருகிறார்கள். "எம் பையன் மூளை கம்ப்யூட்டரு" என்று அம்மா பால் வாங்கப் போனாலும் சொல்லாமல் திரும்ப மாட்டாள். மகளைப் பற்றிக் கேட்டால், "அவ டிப்போல எழுத்து வேலை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். கட்டக்கா அதையெல்லாம் காதில் வாங்கிக்கொள்வதில்லை. வாங்கி வாங்கிக் காது மரத்துப்போயிருந்தது.

தங்கை போட்டிக்குப் போகிறாள் என்று தெரிந்ததும், மாஸ்டர் தானும் அந்தத் தளத்தில் ஒரு கணக்குத் தொடங்கிப் பெயர் கொடுத்தார். வீட்டில் பிரிண்டர் ஒன்றுதான், அது டியூஷன் அறையில் இருந்தது. அதனால் போட்டி ஞாயிறுகளில் இருவரும் அங்கேதான். அவள் சுவரைப் பார்த்த மேஜையில், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு. அவர் பின்பக்கம், பிரிண்டருக்குப் பக்கத்தில். மூன்று சுற்றிலும் அவர் பத்தொன்பதாவது, பதினேழாவது, பதினான்காவது இடம் என்று ஏறிக்கொண்டே வந்தார். அம்மா தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். தங்கை ஏழாவது என்பதை யாரும் கேட்கவில்லை. அவளும் அண்ணனைப் பார்த்து, "நல்லா போடுறியேண்ணா" என்று வெள்ளை மனதோடு சொன்னாள். கேட்கிறவர்களுக்கே பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்கு ஒரு பழக்கம். புதிரை முடித்ததும் விடையைத் தளத்தில் தட்ட மாட்டாள். தட்டப் போனால் ஓட்டம் விட்டுப்போகும். தாளின் ஓரத்தில் விடையை எழுதி வட்டம் போட்டு, கையைப் பின்னால் நீட்டி பிரிண்டர் மேல் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பாள். கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லாத் தாளையும் வாரிக்கொண்டு வந்து மொத்தமாகத் தட்டுவாள். டிப்போவிலும் அப்படித்தான், முழுக் கட்டமும் முடியாமல் ஒரு பெயரைக்கூடப் பலகையில் எழுத மாட்டாள்.

நான்காவது சுற்று முடிந்த மூன்றாம் நாள், டிப்போவில் வேலையாக இருக்கும்போது போட்டி நடுவரிடமிருந்து மெயில் வந்தது. ஒரே இணைப்பிலிருந்து இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். பதினெட்டு விடைகள் இருவருக்கும் ஒன்று. பதினோராவது புதிரில் இருவரும் ஒரே தவறான விடையைத் தந்திருக்கிறீர்கள். மற்றவரின் விடைகள் உங்களுடையவற்றுக்கு முன்பே பதிவாகியிருக்கின்றன. நீங்கள் அவரைப் பார்த்து எழுதியதாகக் கருத இடம் இருக்கிறது. விளக்கம் தேவை.

அவள் பையிலிருந்து தாள்களை எடுத்துப் பதினோராவதைப் பார்த்தாள். புதிர் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அம்புக்குறி படுக்கை வரிசையைக் காட்ட, அவசரத்தில் செங்குத்து வரிசையின் எண்களை ஓரத்தில் எழுதி வட்டம் போட்டிருந்தாள். அண்ணன் அதையும் விடாமல் எழுதியிருக்கிறார். புதிரைப் போட்டிருந்தால் அல்லவா அம்பு கண்ணில் பட்டிருக்கும்? வட்டத்தை மட்டும் பார்த்து எழுதியவருக்கு அம்பு எதற்கு? அன்றைக்கு ஒரு கண்டக்டர் லீவு கேட்டு வந்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, லீவே வேண்டாம் என்று திரும்பிப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் டியூஷன் அறைக்குள் போனாள். பிள்ளைகள் இன்னும் வந்திருக்கவில்லை.

"என் தாளைப் பாத்து எழுதினியாண்ணா?"

மாஸ்டர் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதிப்பார் என்று நினைத்தாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். அவருக்கும் மெயில் வந்திருந்தது.

"சத்தம் போடாத. நடந்தது நடந்துபோச்சு. நீதான் என்னைப் பாத்து எழுதினேன்னு எழுதிக் குடுத்துடு. நேரமும் அப்படித்தானே பதிவாயிருக்கு."

"என்னது?"

"உனக்கு என்ன போகப் போகுது? டிப்போல யாரு இதெல்லாம் பாக்கப் போறா? எனக்கு அப்படியா? நாப்பது வீட்டுப் பிள்ளைங்க வருது. மாஸ்டரே காப்பி அடிச்சாருன்னு வந்தா நாளைக்கு ஒருத்தன் வருவானா?"

அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. திருடினதும் இல்லாமல், திருட்டுப் பட்டத்தையும் அவளே சுமக்க வேண்டுமாம். அதைக் கெஞ்சிக்கூடக் கேட்கவில்லை, மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் இதையும் வாங்கி வா என்கிற மாதிரி கேட்டார்.

அம்மா மாடியில் காத்திருந்தாள். விஷயம் அதற்குள் அங்கே போயிருந்தது. "விட்டுக் குடுத்துட்டுப் போடி. வெளயாட்டுதானே. அவன் பொழப்புடி" என்றாள்.

"எனக்கு அது வெளயாட்டு இல்லம்மா."

"அண்ணனை விட உனக்கு அது பெருசா?"

அவள் மேஜையில் உட்கார்ந்து, இருபது தாள்களையும் படம் எடுத்து, தன் பழக்கத்தையும் எழுதி நடுவருக்கு அனுப்பினாள். நடுவர் இருவரையும் மறுநாள் மாலை ஐந்து மணிக்கு வீடியோவில் வரச் சொன்னார்.

மறுநாள் டியூஷன் அறையில் ஒரே லேப்டாப்புக்கு முன் அண்ணனும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அம்மா கதவோரம் நின்றாள். நடுவர் ஐம்பது வயதுப் பெண்மணி, குரலை உயர்த்தாதவர்.

"பதினோராவது புதிரைத் திரையில காட்டுறேன். வெறும் கட்டம். முழுசா போட வேண்டாம். எந்தக் கட்டத்துல ஆரம்பிச்சீங்க, ஏன்னு மட்டும் சொல்லுங்க. சார், முதல்ல நீங்க."

மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். "மேல் வரிசையில" என்றார்.

"மேல் வரிசையில குறிப்பே இல்லையே, சார்."

அவர் திருதிருவென்று விழித்தார். பிறகு, நாற்பது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிற அந்த மனிதர், திரையில் தெரிகிறோம் என்பதையே மறந்து தங்கையைத் திரும்பிப் பார்த்தார். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் நடுவர்.

"கீழே இடது மூலைல ஒரு ஒண்ணு இருக்கு. அதுக்குப் பக்கத்துல ரெண்டு கட்டம்தான், அதுல ஒண்ணுதான் கறுப்பு. மேல உள்ளது கறுப்பானா வழி அடைபடும். அதனால வலது பக்கம். அங்கேருந்து நேரா நடுவுக்குப் போயிடலாம்." மூச்சு விடாமல் சொன்னாள். குரலில் கோபம் இருந்தது, ஆனால் ஒரு கட்டம்கூடத் தவறவில்லை.

நடுவர் எதையோ எழுதிக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு கேட்கணும். விடைகளை நீங்களா இவருக்குக் கொடுத்திருந்தா, ரெண்டு பேருக்கும் இந்தச் சுற்று மட்டும் ரத்து. உங்களுக்குத் தெரியாம எடுத்திருந்தா, உங்க மதிப்பெண் அப்படியே நிக்கும். இவரை நிரந்தரமா நீக்கி, பேரைத் தளத்துல போடுவோம். கொடுத்தீங்களா?"

மாஸ்டரின் கை மேஜைக்கடியில் அவள் முழங்கையைத் தொட்டது. கதவோரத்திலிருந்து அம்மா தலையை ஆட்டினாள், ஆமாம் என்று சொல் என்று. கொடுத்தேன் என்ற ஒரே வார்த்தை. அண்ணன் தப்பித்துவிடுவார். ஆறாவது இடம் போய்விடும்.

"கொடுக்கல" என்றாள். "எனக்குத் தெரியாம எடுத்தாரு. நாலு சுற்றும் பாருங்க."

அவர்கள் பார்த்தார்கள். நான்கிலும் அதே ஒற்றுமை இருந்தது. மறுநாள் மதியத்துக்குள் அவள் ஐந்தாவது இடத்தில் இருந்தாள். மாஸ்டரின் பெயருக்கு எதிரே, காரணத்தோடு, நீக்கப்பட்டவர் என்று இருந்தது. அந்த வாரமே டியூஷனில் ஆறு பிள்ளைகள் நின்றுபோனார்கள்.

அம்மா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை அவள் டிப்போவுக்குக் கிளம்பும்போது தட்டை டங்கென்று வைத்துவிட்டுக் கொட்டித் தீர்த்தாள்.

"கூடப் பொறந்தவனை இப்படியா சந்தி சிரிக்க வைப்ப? குடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உனக்கு என்னடி கொறஞ்சு போயிருக்கும்? அண்ணன் கேட்டா நீ குடுத்திருக்க மாட்டியா?"

"குடுத்திருப்பேன்" என்றாள் கட்டக்கா. "உக்கார வெச்சு சொல்லியும் தந்திருப்பேன். அண்ணனுக்கும் அது தெரியும். ஆனா கேட்டா, அவனுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்னு ஆயிடுமேம்மா. அதுக்குத்தான் கேக்காம திருடினான்."

கட்டக்கா சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.