சம்பத்தின் சைக்கிளைச் சுவரில் மாட்டாதீர்கள்

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். சம்பத் இறந்த நாளிலிருந்து நம் சைக்கிள் குழுவின் இணையப் பக்கத்தில் வரும் அஞ்சலிகளை ஒன்று விடாமல் படித்துவருகிறேன். எப்போதும் சிரித்த முகம், யார் மனதையும் நோகடிக்காதவர், துருப்பிடித்துக் கிடந்த ஜப்பான் சைக்கிளைத் தனி ஆளாக மீட்டெடுத்த கலைஞர் என்றெல்லாம் எழுதுகிறீர்கள். நீங்கள் சொல்லும் அந்த ஆளை எனக்குத் தெரியாது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். செத்தவனைப் பற்றி நாலு நல்ல பொய் சொல்வது நம் ஊரில் மரியாதை. ஆனால் வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சைக்கிளைச் சத்துவாச்சாரியில் உள்ள நம் குழு அறையின் சுவரில், கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டப்போவதாகச் செயலாளர் அறிவித்துவிட்டார். அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

செய்தி வந்தபோது நான் நாட்றம்பள்ளிப் பக்கம் வேலைக்குப் போகும் பேருந்தில் இருந்தேன். ஆம்பூரில் வண்டி நின்றிருந்தது. சைக்கிள் கடை நஜீர் பாய் அழைத்தார்.

"சார், உக்காந்துக்கினு இருக்கியா, நின்னுக்கினு இருக்கியா?"

"பஸ்ல இருக்கேன். இன்னா பாய்?"

"உன் தோஸ்த் போய்ட்டான் சார். காலைல. ஹார்ட்டு."

நானும் சம்பத்தும் பேசி நான்கு வருடம் ஆகிறது என்பது பாய்க்குத் தெரியும். இருந்தும் தோஸ்த் என்றுதான் சொன்னார். இறங்கினேன். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் வேலூர்ப் பேருந்துக்கு நின்றேன். பேருந்து வந்தது, ஏறவில்லை. திரும்ப இந்தப் பக்கம் வந்தேன். டீ வாங்கினேன், குடிக்கவில்லை. மறுபடி அந்தப் பக்கம். கடைசியில் வேலைக்கே போய்விட்டேன். மாலை அவன் வீட்டுக்குப் போனபோது எல்லாம் முடிந்து வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். அவன் என்று எழுதுவதற்கு யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் என்று எழுத எனக்கு வரவில்லை.

நாங்கள் இருவரும் ஆம்பூரில் ஒரே தோல் கம்பெனியில் இருந்தோம். படித்ததும் ஒரே படிப்பு. அவன் ஆய்வுக்கூடத்தில் நிறம் பொருத்துபவன். வாங்குபவர் அனுப்பும் துண்டுத் தோலைப் பார்த்து அதே நிறத்தைக் கொண்டுவருவது அவன் வேலை. அந்த நிறத்தைத் தோலுக்கு ஏற்றும் பெரிய மர டிரம்கள் என் பொறுப்பு. சத்துவாச்சாரியிலிருந்து ஒரே வேனில் போய்வந்தோம். தோலின் தரம் பார்க்க வந்து சில காலம் இங்கே தங்கியிருந்த ஒரு ஜப்பான்காரர் ஊர் திரும்பும்போது தன் சைக்கிளை விட்டுவிட்டுப் போனார். வளைந்த கைப்பிடி, ஒல்லியான எஃகுச் சட்டம், விரல் தடிமனுக்கு டயர். யாரோ ஒரு புத்திசாலி அதைப் பச்சைத்தோல் கிடங்கில் கொண்டுபோய் வைத்தான். பதனிடாத தோல் அழுகாமலிருக்க அங்கே உப்பு மூட்டை மூட்டையாக இருக்கும். இரும்பை வைக்க இந்த மாவட்டத்திலேயே அதைவிட மோசமான இடம் கிடையாது. பல வருடம் கழித்து அந்தக் கிடங்கை இடித்தபோது சம்பத் அதை வெளியே இழுத்துவந்து வேனில் ஏற்றினான்.

"இத்த காயலாங்கடைல கூட எடுக்க மாட்டான் சார்," என்றார் டிரைவர்.

"உன்ன வாங்கிக்கச் சொன்னாங்களா? ஓட்டுய்யா."

அதுதான் நீங்கள் எழுதும் சிரித்த முகம்.

அவன் வீட்டு மாடியில் இறக்கியதும் முதல் காரியமாகச் சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பினான். தோலையும் அப்படித்தான் பார்ப்பான். பளபளப்பான மேல்பக்கத்தை எல்லோரும் தடவிப் பாராட்டிக்கொண்டிருக்கும்போது இவன் புரட்டி உள்பக்கத்தைப் பார்ப்பான். "மேல இருக்கறது விக்கறவன் பேச்சு. அடில பாரு, அதுதான் மாடு பேசறது," என்பான். சைக்கிள் அடியில் துரு தோலளவில்தான் இருந்தது. எஃகு கெடவில்லை. நீல வண்ணமும், குழாயின் மேல் தயாரித்தவர்களின் எழுத்தும் தப்பித்திருந்தன. துருவை மட்டும் எடுப்பது, நீலத்தைத் தொடுவதில்லை என்று இருவரும் பேசி முடிவெடுத்தோம். இருவரும் என்பதைக் கவனியுங்கள். தோலில் விழும் இரும்புக் கறையை எடுக்க நாங்கள் ஆக்ஸாலிக் அமிலம் பயன்படுத்துவோம். அதையே துணியில் நனைத்து ஒவ்வொரு ஞாயிறும் துருவின் மேல் சுற்றிவைத்தோம்.

மாட்டிக்கொண்டது சீட் பில்லர். இருக்கையைத் தாங்கும் அந்த அலுமினியக் குழாய் சட்டத்துக்குள் உப்பில் இறுகிப்போயிருந்தது. நஜீர் பாய் சுத்தியலோடு வந்து பார்த்துவிட்டு, "இது தலாக் ஆகாத கல்யாணம் சார்," என்று சொல்லிப் போய்விட்டார்.

அந்த வாரம்தான் கம்பெனியில் அந்தக் கூட்டம் நடந்தது. கருநீல ஷூத் தோல் ஒரு பெரிய சரக்கு, நிறம் சரியில்லை என்று திரும்பி வந்திருந்தது. முதலாளி காரணம் கேட்டார். சம்பத் எழுந்து, "ஃபார்முலா கரெக்ட் சார். டிரம்ல ஃபாலோ பண்ணல," என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அந்த வாரம் தண்ணீர் மாறியிருந்தது. வேறு கிணற்றிலிருந்து லாரியில் வந்த கடினத் தண்ணீர். அதில் சாயம் சரியாகப் பிடிக்காது. அது அவனுக்கும் தெரியும். எனக்கு வரவேண்டிய பதவி வராமல் போனதற்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. நான் இன்று வேறு கம்பெனியில், வீட்டிலிருந்து இவ்வளவு தூரத்தில் வேலை பார்ப்பதற்கும் அதுதான் காரணம். சாவு அந்த வாக்கியத்தைத் திருத்தவில்லை. நானும் மன்னிக்கவில்லை.

கூட்டம் சனிக்கிழமை. ஞாயிறு காலை என் வீட்டு வாசலில் நிற்கிறான்.

"வாய்யா. அந்தப் பில்லருக்கு வழி கண்டுபுட்ச்சிட்டேன்."

"உனக்கு வெக்கமே இல்லியா?"

"அது ஃபேக்டரி. இது சைக்கிள். திட்றதா இருந்தா அங்க வந்து திட்டு, ஒரு கை வேணும் எனக்கு."

போனேன். ஏன் போனேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்னும், எஃகைத் தொடாது. சட்டத்தைத் தலைகீழாகக் கட்டி, மேலிருந்து கரைசலை ஊற்றினோம். குழாய் குமுறியது. நான் திட்டிக்கொண்டே பிடித்தேன். அவன் கேட்டுக்கொண்டே ஊற்றினான். அடுத்த நாள் பில்லர் இருந்த இடத்தில் சாம்பல் நிறக் குழம்புதான் இருந்தது. வெற்றிதான். ஆனால் ஓரமாக வழிந்த கரைசல் இருக்கைக்குக் கீழே உள்ளங்கை அளவு நீலத்தையும் தின்றுவிட்டது.

எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பழைய சைக்கிளுக்கு ஒரு தழும்பு இருக்கட்டும் என்றேன். ஆயுள் முழுக்க நிறம் பொருத்தியவனால் அதைத் தாங்க முடியவில்லை. வேனில், சாப்பாட்டு மேசையில், எங்கே போனாலும் அந்தத் திட்டையே பேசினான். என் அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்காக நான் சென்னையில் இருந்தபோது, தோலுக்குப் போடும் வண்ணங்களைக் கலந்து அதே நீலத்தைக் கொண்டுவந்தான். வெயிலில் பார்த்தாலும் டியூப்லைட்டில் பார்த்தாலும் அதே நீலம். அதோடு நிறுத்தியிருக்கலாம். திட்டில் மட்டும் அடித்தால் விளிம்பு தெரியும் என்று பழைய வண்ணம் முழுவதையும், எழுத்துகளோடு சேர்த்துச் சுரண்டி எடுத்துவிட்டு, சைக்கிள் முழுவதற்கும் தோலுக்கு அடிக்கும் ஃபினிஷை அடித்துவைத்திருந்தான்.

திரும்பி வந்து மாடியேறிப் பார்த்தேன். "கேட்டிருந்தா விட்டிருக்க மாட்ட," என்றான். "அதான் நீ இல்லாதப்போ பண்ணேன்."

அன்று இறங்கியவன்தான். பிறகு பேசவில்லை.

முதல் மழையிலேயே அது உரிந்தது. நஜீர் பாய்தான் சொன்னார். "மழைல நனைஞ்சிக்கினு கடைக்கு வந்தான் சார். நின்னுக்கினு வாழப்பழம் மாதிரி உரிக்கிறான். ஒரே ஷீட்டா வருது." தோல் முதல் பூச்சைக் குடித்துக்கொள்ளும். அந்தப் பிடிமானத்தில்தான் மேல்பூச்சு நிற்கும். எங்கள் தொழிலில் இருப்பவனைத் தவிர வேறு யாருக்கும் அந்த ஃபினிஷை எஃகின் மேல் அடிக்கத் தோன்றியிருக்காது. "இரும்பு குடிக்கல, அதுக்கு நான் இன்னா பண்ண?" என்று பாயிடமே சண்டைக்குப் போனானாம்.

அதன் பிறகு அவன் எதையும் அடிக்கவில்லை. "அடுத்த கலர் அவன் வந்து சொல்லட்டும்" என்று பாயிடம் சொல்லி அனுப்பினான். "வேணும்னா அவன் வரட்டும்" என்று நான் திருப்பி அனுப்பினேன். இரண்டு தெரு தூரம். "என் கடைய போஸ்ட் ஆபீஸ் ஆக்கிட்டீங்கடா, ரொம்ப பேஜாரா இருக்குது," என்று பாய் கத்தினார். அவனும் வரவில்லை. நானும் போகவில்லை.

ஆகவே நண்பர்களே, நீங்கள் 'வெற்று எஃகின் அழகு' என்று படம் போட்டு வியக்கும் அந்தச் சைக்கிள் யாருடைய கலை உணர்வும் அல்ல. அது எங்கள் சண்டை நின்ற இடம். அதன் மேல் வண்ணம் கிடையாது, கண்ணுக்குத் தெரியாத மேல்பூச்சும் கிடையாது. தோலை இளக்க ஊற்றும் எண்ணெயை வாரந்தவறாமல் தேய்ப்பதால்தான் அது பளபளக்கிறது. எண்ணெய் நின்றால் துரு வரும். கண்ணாடிக்குள் பூட்டினால் அடுத்த மழைக்காலத்துக்குள் சிவந்துவிடும். நீங்கள் சந்தனமாலை போட்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

இதைச் சொல்லத்தான் காரியம் முடிந்த பிறகு அவன் வீட்டுக்குப் போனேன். மாடியில் அவன் மனைவி மல்லிகா கையில் எண்ணெய்த் துணியோடு சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கண்ணா. இந்த வீட்டுக்கு வழி ஞாபகம் இருக்குதா?"

"ஞாயித்துக்கிழம எடுத்துக்கினு போறாங்களாமே?" என்றேன்.

"கூட்டமா வந்து கேட்டாங்க. இன்னா சொல்றது? சரின்னுட்டேன்."

"எண்ண போடணும்னு சொன்னியா? சம்பத் வாராவாரம் தொடச்சதை..."

"அவரு எங்கண்ணா தொடச்சாரு? கிளப்புல அப்படிச் சொல்லிக்கினாரா?" துணியைத் தூக்கிக் காட்டினாள். "நான்தான் தொடச்சேன். ஓட்டறவங்கதானே தொடைக்கணும்."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. அந்த ஜப்பான்காரர் குள்ளம். சட்டம் சின்னது. நம் குழு அமிர்திக் காட்டுப் பக்கம் போகும் ஞாயிறுகளில் சம்பத் முட்டி கைப்பிடியில் இடிக்க மிதிப்பதைப் பார்த்து நீங்கள் எல்லோரும் சிரித்திருக்கிறீர்கள். மல்லிகாவுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்தும்.

"விடியறதுக்குள்ள சர்வீஸ் ரோட்டுல போய்ட்டு வந்துடுவேண்ணா, சுடிதார் போட்டுக்கினு. கை எட்டலன்னு சொன்னேன், கைப்பிடி கிட்ட வர்ற மாதிரி குட்டையா வேற கழுத்து வாங்கிப் போட்டாரு. பின்னாடியே பழைய சைக்கிள்ல வருவாரு. கியர மாத்து, கியர மாத்துன்னு ஒரே கத்தல். நாய்ங்ககூட எங்களப் பாத்து குலைக்கறத வுட்டுடுச்சி."

"இத செயலாளர்கிட்ட சொல்லி இருக்கலாமே."

"அவரு போயி ஒரு மாசம்கூட ஆவல. எனக்கு சைக்கிள் ஓட்டணும்னு நானே வாயத் தொறந்து கேக்கணுமா? தெருவே சிரிக்கும்." துணியை மடித்தாள். "நீங்க சொல்லுங்க. உங்களுக்குத்தான் சண்டை போட நல்லா வரும்."

சொல்லிவிட்டேன். அவள் அனுமதியோடுதான் சொல்கிறேன். செயலாளர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை ஆட்களை அனுப்பாதீர்கள். சுவருக்கு அவன் புகைப்படம் போதும். அதில்கூட அவன் முறைத்துக்கொண்டுதான் இருப்பான். சைக்கிள் மல்லிகாவிடம் இருக்கட்டும். மழைக்கு முன்னால் வண்ணம் அடிக்க வேண்டும் என்றால் எந்த நிறம் என்று அவளே சொல்லட்டும். காலையில் அவள் சர்வீஸ் சாலையில் போவதைப் பார்த்தால் படம் எடுக்காமல், கை காட்டாமல், உங்கள் வழியில் போங்கள்.

சம்பத்திடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று இந்த நாட்களில் அலைந்து அலைந்து யோசித்தேன். அவனுடைய நேர்மையை எடுத்துக்கொள்ள முடியாது. அந்தக் கூட்டத்தில் அது அவனிடம் இல்லை. பொறுமை அவனிடம் எப்போதும் இருந்ததில்லை. ஒன்றுதான் மிஞ்சுகிறது. கோபம் தீராத ஆளோடு, கோபம் தீராமலேயே, ஒரு வேலையின் இரண்டு முனைகளைப் பிடிக்கலாம் என்பது. வேறு யாரோடும் எனக்கு அது வாய்க்கவில்லை. அதை வைத்துக்கொள்கிறேன். வருத்தத்தோடு சேர்த்துத்தான்.

இதை எழுதியது யார் என்று கண்டுபிடிக்க உங்களுக்கு அதிக நேரம் ஆகாது. பாயைக் கேட்டாலே சொல்லிவிடுவார். ஆனாலும் என் பெயர் கீழே இருந்தால், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பேசப்போவது எங்கள் இருவரின் பழைய பகையைத்தான். யார் சொன்னது சரி, யார் முதலில் பேசியிருக்க வேண்டும் என்று அமிர்தி போய்த் திரும்பும்வரை அலசுவீர்கள். அதற்குள் யாராவது போய்ச் சைக்கிளைக் கழற்றி எடுத்துவந்திருப்பார்கள். குழுவின் பக்கத்தில் பெயர் காட்டாமல் பதிவிட வழி இருக்கிறது. அப்படியே பதிவிடுகிறேன்.