இரண்டு முறை படித்த நாலாம் செமஸ்டர்

முதல் வருஷத்தின் முதல் வகுப்பில் துறைத்தலைவர் மேடம் வருகைப் பதிவேட்டைத் திறக்கவே இல்லை. இரண்டு கைகளையும் மேஜைமேல் ஊன்றிக்கொண்டு, "உங்கள்ல யார் யாரெல்லாம் போகப் போறீங்க? இப்பவே சொல்லிருங்க" என்று கேட்டார்.

விலங்கியல் வகுப்பில் வருஷா வருஷம் கேட்கப்படும் கேள்வி அது என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. நீட் எழுதிவிட்டுக் கலந்தாய்வுக்குக் காத்திருப்பவர்கள், நர்சிங்குக்கும் கால்நடை மருத்துவத்துக்கும் விண்ணப்பம் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவர்கள் என்று பாதிப் பேர் அங்கே சில வாரங்களுக்குத்தான் இருப்பார்கள். பத்துப் பன்னிரண்டு கைகள் உயர்ந்தன. நான் தூக்கவில்லை. இரண்டு முறை நீட் எழுதி இரண்டு முறையும் இடம் கிடைக்காதவள் எங்கே போவது? ஆனால் அந்தப் பெஞ்சில் மூன்று வருஷம் உட்காரப் போகிறேன் என்றும் நான் நினைக்கவில்லை. பையைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தேன்.

பக்கத்தில் இருந்தவள் என் பையைப் பார்த்துவிட்டு, "எறங்குற ஸ்டாப் வந்திருச்சா?" என்று கேட்டாள். அவளும் ஸ்ரீவில்லிபுத்தூர்தான். அப்பாவை அவள் அத்தா என்பாள்; அவருக்குப் பஜாரில் செருப்புக் கடை. மற்றவர்களைப் போல அவள் இடம் கிடைக்காமல் வந்தவள் இல்லை. விண்ணப்பத்தில் முதல் விருப்பமாகவே விலங்கியல் என்று எழுதியிருந்தாள். எனக்கு அது நம்ப முடியாததாக இருந்தது. அன்று மாலை ராஜபாளையத்திலிருந்து இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான்.

என் அம்மா வ. புதுப்பட்டிப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியர். கர்ப்பிணிகளின் பெயரைப் பதிவது, குழந்தைகளுக்கு ஊசி போடுவது, காய்ச்சல் கணக்கெடுப்பது என்று தெருத்தெருவாக நடப்பார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்த டாக்டருக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அந்தப் பெண் உள்ளே வரும்போது அம்மா எழுந்து நிற்பதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். சோறு பாதியில் இருந்தது. எழுந்து நின்று, டாக்டர் தன் அறைக்குள் போன பிறகுதான் உட்கார்ந்தார். அதைப் பற்றி அம்மா என்னிடம் எதுவும் சொன்னதில்லை. ஆனால் நான் டாக்டராக வேண்டும் என்று வீட்டில் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தச் சோற்றுத் தட்டுதான் ஞாபகத்துக்கு வரும்.

அப்பா ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்து, "நீயும் ஒங்கம்மாவும் என்னமும் பண்ணுங்க, எனக்குத் தூக்கம் வருது" என்பார். அதோடு சரி.

கல்லூரியில் என் உடம்பு மட்டும்தான் இருந்தது. பி.எஸ்ஸி. பட்டம் என்றால் விலங்கியல் மட்டும் படித்தால் போதாது. தமிழ், ஆங்கிலம், துணைப்பாடமாக வேதியியல், சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, வேறு துறையிலிருந்து ஒரு பாடம், கடைசியாக மரம் நட்டதற்கும் ரத்ததான முகாமில் நின்றதற்கும் ஒரு சான்று. இத்தனையும் சேர்ந்தால்தான் பட்டம். தமிழ் வகுப்பில் பாட்டுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் மேஜைக்கடியில் நீட் இயற்பியல் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். செய்முறை வகுப்பில் வைக்கோல் ஊறிய தண்ணீரை ஒரு சொட்டு கண்ணாடித் தகட்டில் விட்டு நுண்ணோக்கியில் பாரமீசியம் என்ற ஒற்றைச்செல் உயிரைத் தேடச் சொல்வார்கள். தோழி மணிக்கணக்காகக் கண்ணை எடுக்க மாட்டாள். "ஏட்டி, இங்க வந்து பாரு, என்னமா சுத்துது!" என்பாள். நான் அவள் வரைந்ததைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் வரைந்துவிடுவேன்.

முதல் வருஷக் கடைசியில் மூன்றாம் முறை எழுதினேன். முந்தைய முறையைவிட மதிப்பெண் குறைந்தது.

இரண்டாம் வருஷம் நாலாம் செமஸ்டர் தொடங்கியபோது அம்மா ஒரு முடிவோடு வந்தார். "இப்பிடி ரெண்டு பக்கமும் காலு வச்சா எதுவும் வெளங்காது. மே மாசம் வரைக்கும் காலேஜுக்குப் போகாத. ராஜபாளையத்துல கோச்சிங் இருக்குல்ல, காலையில போயிட்டு சாயங்காலம் வா."

"அட்டெண்டன்ஸ் போயிருமேம்மா."

"அதுக்கு சர்டிபிகேட் வாங்கித் தாரேன். பொறவு சீட் கெடச்சா அந்தக் காலேஜு எதுக்கு?"

ஒரு நாள்கூடத் தாமதமாக வேலைக்குப் போகாதவர் அம்மா. அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில் எனக்குப் பயமும் இருந்தது, ஒரு விடுதலையும் இருந்தது. ஒத்துக்கொண்டேன்.

பஸ் மட்டும் மாறவில்லை. காலையில் தோழியும் நானும் வழக்கம்போல ஒரே இருக்கையில் உட்கார்ந்து போவோம். கல்லூரி நிறுத்தம் வந்ததும் அவள் எழுந்திருப்பாள். நான் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொள்வேன். முதல் வாரம் கை காட்டினாள். பிறகு காட்டவில்லை. ஒருநாள் இறங்குவதற்கு முன்னால், "இன்னைக்கு கெமிஸ்ட்ரி பிராக்டிகல். உப்புப் பகுப்பாய்வு நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே மேஜை. நான் ஒருத்தியா நின்னு செய்றேன், தெரியும்ல?" என்றாள். அதற்கு மறுநாளிலிருந்து முந்தைய பஸ்ஸுக்குப் போய்விட்டேன். கோச்சிங் வகுப்பறை திறப்பதற்கு முன்பே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். அங்கே உட்கார்ந்தால், இந்நேரம் அவர்கள் என்ன வரைந்துகொண்டிருப்பார்கள் என்று தோன்றும். வகுப்பு தொடங்கினால் கேள்வித்தாளைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது என்று நினைப்பேன். அதுவும் நடக்காது. ஒரு பக்கத்தை முழுசாக வாசிக்க முடியாமல் எழுந்து எழுந்து தண்ணீர் குடிக்கப் போவேன்.

ஏப்ரலில் அம்மா சொன்னபடி சான்றிதழ் வந்தது. மஞ்சள் காமாலை, இரண்டு மாத ஓய்வு. எந்த டாக்டரிடம் எப்படிக் கேட்டு வாங்கினார் என்று நான் கேட்கவில்லை.

துறைத்தலைவர் மேடம் அதை வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"மஞ்சக் காமாலையா?"

"ஆமா மேடம்."

"பிப்ரவரியில உன்னப் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். நோட்டுக்கட்டத் தூக்கிட்டு ஓடிக்கிட்டிருந்த. காமாலைக்காரி அப்படி ஓட மாட்டா."

பொய்யைத் தொடர்வதற்கும் ஒரு தெம்பு வேண்டும். அது என்னிடம் இல்லை. "காமாலை இல்ல மேடம். கோச்சிங் போனேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. புத்திமதியும் சொல்லவில்லை. அவர் முன்னால் உள்மதிப்பீட்டு மதிப்பெண் தாள்கள் குவிந்து கிடந்தன. என்னைச் சீக்கிரம் அனுப்ப வேண்டும் என்பது போலத்தான் இருந்தார். தாளை மடித்து என் பக்கம் தள்ளினார். "இத நான் வாங்கல, நீயும் குடுக்கல. அட்டெண்டன்ஸ் எழுபத்தஞ்சு பர்சென்டுக்குக் கொஞ்சம் கொறஞ்சா காரணம் எழுதி அனுப்பலாம். நீ பாதிக்கும் கீழ இருக்க. இதுக்கு யாராலயும் கையெழுத்துப் போட முடியாது. இந்த செமஸ்டர மறுபடி ஒக்காந்து படிக்கணும்."

"அப்ப மூணாம் வருஷம், மேடம்?"

"இது முடிஞ்ச பொறவுதான் அது. டிசம்பர்ல ஜூனியர் செட்டோட சேரணும். யுனிவர்சிட்டியில இருந்து மறுசேர்க்கை ஆர்டர் வாங்கிட்டு வா."

தேர்வு எழுத அனுமதி இல்லாதவர்கள் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியபோது எங்கள் துறையில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. வீட்டில் சொன்னேன். அம்மா கேஸ் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, "விடு. மே மாசம் எழுதிட்டுப் போயிருவ" என்றார். குரலில் உறுதி இருந்தது. கை மட்டும் அடுப்புத் திருகைத் திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டிருந்தது.

மே மாதம் எழுதினேன். ஜூனில் முடிவு வந்தது. மதிப்பெண் கூடியிருந்தது. ஆனால் சேருவதற்கு அது போதவில்லை. என் வகுப்பு மூன்றாம் வருஷத்துக்குப் போனது. எனக்கு டிசம்பர் வரை போக ஓர் இடம் இல்லை.

அந்த ஆறு மாதங்களை நினைத்தால் இன்றும் கால் பரபரக்கும். காலையில் எழுந்ததும் குளித்து, போவதற்குத் தயாராகிவிடுவேன். பிறகுதான் எங்கேயும் போக வேண்டியதில்லை என்பது நினைவுக்கு வரும். தேர் நிற்கும் வீதியைச் சுற்றி நடப்பேன். கோவிலுக்குள் போய்ப் பிரகாரத்தைச் சுற்றுவேன். கும்பிட ஒன்றும் தோன்றாமல் வெளியே வந்துவிடுவேன். பஜார் பக்கம் மட்டும் போக மாட்டேன், தோழியின் அத்தா கடையில் இருப்பார், "எப்பம்மா காலேஜு?" என்று கேட்பார். அம்மா அடுத்த முறைக்கான புத்தகங்களுக்கு அட்டை போட்டு அலமாரியில் அடுக்கியிருந்தார். நான் அவற்றைத் தொடவில்லை. தொடவில்லை என்பதை அவரும் பார்த்தார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. அம்மாவின் பகுதியில் காய்ச்சல் கூடி, வீடு வீடாகத் தண்ணீர்த் தொட்டி பார்க்க ஆள் போதவில்லை. ஒரு காலையில், "சும்மாதான இருக்க, கூட வந்து நோட்டுல எழுதேன்" என்றார். போனேன்.

மூன்றாவது தெருவில் ஒரு வீட்டு அக்கா சிமெண்ட் தொட்டியைத் திறக்க விடவில்லை. "நல்ல தண்ணி நர்சம்மா, நேத்துதான் பிடிச்சோம். சாக்கடையப் போயிப் பாருங்க" என்றார். அம்மா சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் மூடியை நகர்த்தி மொபைல் வெளிச்சத்தை அடித்தேன். தண்ணீரின் மேல்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தவை வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடிக்கு ஓடின. மூன்றாம் செமஸ்டரில் நான் பார்க்காமலே வரைந்த படம் அது. ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு அந்த அக்காவிடம் காட்டினேன்.

"இந்தா பாருங்கக்கா. டெங்குக் கொசுவோட புழு. அந்தக் கொசு சாக்கடையத் தேடிப் போகாது, நல்ல தண்ணியாப் பாத்துத்தான் முட்டை போடும். வால்பக்கம் குழல் மாதிரி இருக்குல்ல, அத மேல நீட்டித்தான் மூச்சு விடும். மலேரியாக் கொசுவோட புழுன்னா இப்படித் தொங்காது, மட்டமாப் படுத்துக் கெடக்கும்."

பக்கத்து வீடுகளிலிருந்தும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் கிண்ணத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டார். அந்த அக்கா தொட்டியைக் கவிழ்க்க ஆள் கூப்பிட்டுவிட்டு, அம்மாவிடம் கேட்டார்: "ஒங்க மகளா நர்சம்மா? டாக்டருக்குப் படிக்கா போல?"

இந்தக் கேள்விக்கு அம்மா நான்கு வருஷமாக ஒரே பதில்தான் சொல்லி வந்தார்: 'ஆமா, அதுக்குத்தான் படிக்கா.' நான் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இல்ல. பி.எஸ்ஸி. ஸுவாலஜி" என்றார் அம்மா.

திரும்பும்போது பஸ் வரக் கொஞ்ச நேரமானது. நிழற்குடையில் நானும் அம்மாவும் மட்டும். "அஞ்சாவது தடவ எழுத வேண்டாம்னு நெனைக்கியா?" என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஆமாம்மா."

"அத வாயத் தொறந்து சொல்றதுக்கு இம்புட்டு நாளா?"

"நீ அட்டை போட்டு வச்சிருந்தியே."

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். வேர்வையா என்று நான் பார்க்கவில்லை. "அந்த சர்டிபிகேட்டு நான் வாங்கியிருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். பஸ் வந்தது. ஏறினோம்.

எல்லாம் தீர்ந்தது என்று அன்று எனக்கு நிம்மதி வரவில்லை. நான்கு வருஷம் பிடித்து வைத்திருந்ததை விட்டுவிட்டால் கை லேசாகும் என்று நினைத்திருந்தேன். மாறாக, வெறும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் போனது.

டிசம்பரில் ஆர்டரோடு போய்ச் சேர்ந்தேன். ஜூனியர்கள் என்னை அக்கா என்றார்கள். முதல் நாள் நான் ஆசிரியர் என்று நினைத்து இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். மேடம் பதிவேட்டில் என் பெயரைக் கடைசியில் கையால் எழுதிச் சேர்த்தார். அதே பாடம், அதே உப்புப் பகுப்பாய்வு, அதே மேஜை. இந்த முறை தனியாக நின்றது நான். காய்ச்சல் அடித்த ஒரு நாளும் போனேன்; மூன்றாம் பீரியடில் மேடமே என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார், நான் போகவில்லை.

தோழி அப்போது கடைசி செமஸ்டரில் இருந்தாள். பஸ்ஸில் என்னைப் பார்த்ததும் பையை எடுத்து மடியில் வைத்து இடம் விட்டாள். முதல் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "கோவமாத்தான் இருக்கேன்" என்றாள்.

"தெரியுது."

"ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருந்தா நான் என்ன பிடிச்சா வச்சிருப்பேன்?"

மன்னிப்புக் கேட்டேன். அவள் தன் நாலாம் செமஸ்டர் நோட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். சில பக்கங்களின் ஓரத்தில் என் பெயரின் முதலெழுத்தைப் போட்டு, 'இது முக்கியம்' என்று எழுதி வைத்திருந்தாள். நான் வராமல் இருந்த மாதங்களில் எழுதியவை அவை. அவள் படித்து முடித்து மதுரைக்கு எம்.எஸ்ஸி. போனாள். நான் ஒரு வருஷம் கழித்து முடித்தேன்.

இப்போது ராஜபாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறேன். கூடவே அஞ்சல்வழியில் எம்.எஸ்ஸி. படிக்கிறேன். பூச்சியியல் பக்கம் ஆய்வுக்குப் போக வேண்டும் என்று மூன்று இடங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். ஓர் இடத்திலிருந்து இல்லை என்று வந்துவிட்டது. மற்ற இரண்டுக்கும் பதில் வரவில்லை. இடைவேளையில் ஆசிரியர் அறையில் எல்லோரும் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். நான் டம்ளரோடு வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே மெயில் பார்ப்பேன். "உக்காந்துதான் குடிங்களேன் டீச்சர்" என்கிறார் கணக்கு டீச்சர். அம்மா சாயங்காலம் போன் செய்து, "ஏதும் வந்துச்சா?" என்று கேட்கிறார். இல்லை என்கிறேன். "சரி, நாளைக்குக் கேக்கேன்" என்று வைத்துவிடுகிறார்.