வலிக்காத முட்டிக்கு வைத்தியம்

பிசியோதெரபியில் இத்தனை வருஷம் குப்பை கொட்டிய நான், நன்றாக இருந்த ஒரு முட்டிக்கு வாரக்கணக்கில் கரண்ட் ட்ரீட்மென்ட் வைத்திருக்கிறேன். முட்டியில் ஒரு குறையும் இல்லை. குறை, வைத்தவனிடம்.

மரக்காணத்தில் இருந்த எங்கள் கிளினிக்கில் அப்போதுதான் பக்கத்து ஊர் கூனிமேட்டிலிருந்து நர்கீஸ் பிசியோவாகச் சேர்ந்திருந்தாள். வருகிற பெண்களெல்லாம், "அந்தப் பொண்ணு இல்லியா?" என்று கேட்டுவிட்டு பெஞ்சிலேயே காத்திருப்பார்கள். நான் சும்மா உட்கார்ந்திருப்பது அவர்கள் கண்ணில் படாது. எனக்கு வயிறு எரியும். நர்கீஸின் திரைக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டால் டிவி வால்யூமைக் கூட்டி வைப்பேன்.

என்னிடம் மிஞ்சியவள் செல்வி. உப்பளத்தில் கூடை சுமப்பவள்.

"முட்டி நோவுது சார். மழைக்கு முன்ன வேலைக்குப் போவலன்னா வேற ஆள வச்சிடுவாங்க."

"உப்பு சுமந்து சுமந்து முட்டி ஊறுகாயா ஆயிடுச்சா?" என்றேன். பெஞ்சே சிரித்தது. செல்வியும் சிரித்தாள்.

தொடையின் முன்பக்கம் குவாட்ரிசெப்ஸ். முட்டியை நீட்டுகிற நான்கு தசைகள். அதற்குப் பயிற்சி கொடுத்தேன், முட்டிக்குக் கரண்ட் வைத்தேன். நோவு அப்படியே இருந்தது.

ஒருநாள் நான் வேறொருவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நர்கீஸ் செல்வியை உள்ளே கூப்பிட்டுவிட்டாள். அன்று மட்டும் டிவி வால்யூமைக் குறைத்தேன்.

"யக்கா, எப்டி ஆச்சு?"

"கூடையோட வரப்புல வழுக்கிடுச்சும்மா. ஒரு காலு அப்டியே அகண்டு போச்சு."

"நோவுற எடத்துல கைய வையி."

கட்டில் கிரீச்சிட்டது. மறுபடி நர்கீஸின் குரல்.

"ரெண்டு முட்டிக்கும் நடுவுல இந்த பந்த வச்சு அமுக்கு."

"ஆ... அங்கதாம்மா!"

அடக்டர். தொடையின் உள்பக்கத் தசைகள். காலை உள்ளே இழுப்பதும், வழுக்கும்போது கால் அகலாமல் பிடிப்பதும் அவைதான். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இடுப்புக்குக் கீழே எங்கே வலித்தாலும், ஆம்பளையிடம் சொல்லும்போது அது முட்டிதான். இதே ஊரில் பிறந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். எப்படி விழுந்தாள் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை.

நர்கீஸ் வெளியே வந்தாள். "சார், அடக்டர் ஸ்ட்ரெயின். முட்டில ஒண்ணுமில்ல."

"எனக்கும் அந்த டவுட் இருந்துச்சும்மா" என்றேன். பொய்.

மழைக்கு முன்பே செல்வி கூடை தூக்கப் போய்விட்டாள். பிறகொரு நாள் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். ஆறுதல் தேடித்தான் கேட்டேன்: "நான் பொம்பளையா இருந்திருந்தா அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருப்ப, இல்ல?"

"ஆம்பளன்றதுல ஒண்ணுமில்ல சார். முட்டின்னதுக்கே ஊறுகான்னீங்க. அந்த எடத்தச் சொன்னா அதுக்கும் ஒரு ஜோக்கு சொல்வீங்க. அதான் சொல்லல."